1918 நவம்பர்ல எதிரி நாட்டுக்குள்ள நின்னுகிட்டிருந்த ஜெர்மனி ஏன் திடீர்னு கையெழுத்து போட்டுச்சு?

வாசல்படி:

ரொம்ப நாளா மண்டைய குடையுற சந்தேகம். முதல் உலகப்போர் மேப்ப எடுத்து பாத்தா 1918 நவம்பர் 11 காலையில ஜெர்மன் படை இன்னும் பெல்ஜியத்துலயும் பிரான்ஸ் ஓரத்துலயும்தான் நிக்குது. கிழக்கால ரஷ்யாகிட்ட புடுங்கின இடம் போலந்து, உக்ரைன் எல்லாம் அவங்க கையில. ஜெர்மன் மண்ணுல ஒரு எதிரி சிப்பாய் கூட கால் வைக்கல. அந்த வருஷம் மார்ச்ல 120 கிலோமீட்டர் தூரத்துல இருந்து பாரிஸ் மேல பீரங்கி அடிச்சவங்க, எட்டு மாசத்துல ஒரு ரயில் பெட்டிக்குள்ள உக்காந்து சொன்ன இடத்துல கையெழுத்து போடுறாங்க. எப்டி?

எங்க ஆபீஸ்ல ஒருத்தர் "ராணுவம் தோக்கவே இல்ல, உள்ள இருந்த அரசியல்வாதிங்க காட்டி குடுத்துட்டாங்க"ன்னு அடிச்சு பேசுறார். அது பின்னாடி நாஜிங்க ஓட்டின கதைன்னு தெரியும், ஆனா திருப்பி சொல்ல என்கிட்ட சரக்கு இல்ல. கடைசி சில மாசம் என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லுங்களேன். லிங்க் மட்டும் போட்டுட்டு போயிடாதீங்க ப்ளீஸ், படிக்க ஆரம்பிச்சா வரிசையா ஜெனரல் பேரா வந்து கொட்டாவி வருது.

ரயில்வேகேட்:

உங்க ஆபீஸ்காரர் பாத்த மேப் சரிதான் பாஸ், ஆனா மேப்புல கோடு எங்க இருக்குன்னு தெரியும், அந்த கோட்டுல நிக்கிறவன் வயித்துல என்ன இருக்கு, பக்கத்துல எத்தன பேர் மிச்சம்னு தெரியாது.

கதைய மார்ச்ல இருந்து ஆரம்பிக்கணும். 1918 மார்ச் 3ல ரஷ்யாவோட பிரெஸ்ட் லிட்டோவ்ஸ்க் ஒப்பந்தம் போட்டாச்சு, கிழக்குல இருந்த டிவிஷன்கள ரயில்ல ஏத்தி மேற்குக்கு கொண்டாந்தாச்சு. ஆனா ஜெர்மன் ராணுவத்த நடத்தின ஜெனரல் லூடண்டார்ஃபுக்கு டைம் இல்ல, ஏன்னா அமெரிக்காகாரன் வந்துகிட்டே இருக்கான். அவன் முழுசா வந்து இறங்குறதுக்குள்ள முடிச்சிடணும்னு மார்ச் 21ல அடிச்சாங்க பாருங்க, 5 மணி நேரத்துல 10 லட்சத்துக்கு மேல ஷெல், பிரிட்டிஷ் ஐந்தாம் படை அப்படியே நொறுங்கிப்போச்சு, சுமார் 60 கிலோமீட்டர் உள்ள போயிட்டாங்க. நாலு வருஷமா நூறு மீட்டருக்கு ஆயிரக்கணக்குல செத்துகிட்டு இருந்த இடத்துல இது பெரிய சாதனை, ஜெர்மன் மன்னர் கைசர் பள்ளிக்கூடத்துக்கு லீவே விட்டார்.

ஆனா பிடிச்ச இடம் என்ன இடம்? 1916ல சோம் சண்டையில நாசமான அதே பொட்டல். ரோடு இல்ல, ரயில் இல்ல, லாரி பத்தல, குதிரைக்கு தீவனம் இல்ல. ஆமியான்னு ஒரு ஊர், பிரிட்டிஷ்காரனோட பெரிய ரயில் ஜங்ஷன், அத பிடிச்சிருந்தா அவனுக்கு மூச்சு திணறியிருக்கும், கிட்டத்துல போய் நின்னுட்டாங்க. ஆல்பெர்ட்ங்கிற ஊர்ல பிரிட்டிஷ் ஸ்டோர கண்டதும் ஜெர்மன் சிப்பாயிங்க சண்டைய விட்டுட்டு ஒயினும் டின்ல அடைச்ச கறியும் தூக்கிகிட்டு தெருவுல அலைஞ்சாங்கன்னு அவங்க ஆபீசரே எழுதி வச்சிருக்காங்க. எதிரிகிட்ட சரக்கே இல்ல, நீர்மூழ்கி கப்பல்ல எல்லாத்தையும் மூழ்கடிச்சாச்சுன்னு சொல்லித்தான் இவங்கள அனுப்பியிருந்தாங்க. எதிரியோட ஸ்டோர்ல அவ்ளோ சாமான் அடுக்கியிருக்கிறத கண்ணால பாத்தா மனசு என்ன ஆகும்.

ஜூலை வரைக்கும் இதே மாதிரி அஞ்சு பெரிய அடி. ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் இடம் கெடச்சுது, எந்த இடமும் போர முடிக்கல. இழப்பு 8 லட்சத்துக்கு மேல. செத்தது யாருன்னு பாருங்க, முன்னாடி ஓடுறதுக்குன்னு பொறுக்கி எடுத்து டிரெயினிங் குடுத்த இளவட்டம். இந்த பக்கம் கோடையில ஒரு நாளைக்கு சுமார் 10,000 அமெரிக்க சிப்பாய் கப்பல்ல இருந்து இறங்குறான். ஜூலை 18ல பிரெஞ்சுக்காரன் மார்ன் நதி பக்கம் திருப்பி அடிச்சான், அதோட ஜெர்மனி முன்னால போறது நின்னுச்சு.

அப்புறம் ஆகஸ்ட் 8, ஆமியான். இத கொஞ்சம் நிறுத்தி பாக்கணும். 400க்கு மேல டாங்க்க ராத்திரியில நகத்துறாங்க, அந்த எஞ்சின் சத்தம் கேக்கக்கூடாதுன்னு மேல விமானத்த சும்மா சுத்த விட்டாங்க. விடியும்போது மூடுபனி. முன்கூட்டியே பீரங்கி அடிச்சு எச்சரிக்கை குடுக்குற பழைய வழக்கம் கிடையாது, பீரங்கியும் டாங்க்கும் கனடா, ஆஸ்திரேலியா காலாட்படையும் ஒண்ணா கிளம்பிச்சு. சில இடத்துல ஒரே நாள்ல 13 கிலோமீட்டர். ஜெர்மன் இழப்பு சுமார் 27,000, அதுல கிட்டத்தட்ட பாதி பேர் கைதி. அந்த கைதி கணக்குதான் முக்கியம், கைய தூக்கிகிட்டு கும்பல் கும்பலா வந்தாங்க. உதவிக்கு புதுசா முன்னால போன படையப் பாத்து பின்வாங்கி வந்தவங்க "கருங்காலிங்களா, போர இழுத்துகிட்டே போறீங்களே"ன்னு கத்தினாங்கன்னு லூடண்டார்ஃபே எழுதியிருக்கார். ஜெர்மன் ராணுவத்தோட கறுப்பு நாள்னு அவர் சொன்னது இதத்தான்.

இதெல்லாம் நடக்கும்போது பெர்லின்ல எந்த புரட்சியும் கிடையாது, அத மட்டும் உங்க ஆபீஸ்காரர்கிட்ட சொல்லுங்க.

தேங்காபத்தை:

பசிய விட்டுட்டீங்களே. 1914ல இருந்தே பிரிட்டிஷ் கடற்படை வட கடல மூடி வச்சிருந்துச்சு. உணவு மட்டுமில்ல, உரமும் வரல, அதனால உள்ளூர் விளைச்சலும் படுத்துருச்சு. 1916-17 குளிர்காலத்துல உருளைக்கிழங்கு அழுகிப்போய் மாட்டுக்கு போடுற டர்னிப்ப ஜனங்க தின்னாங்க, அந்த குளிர்காலத்துக்கே டர்னிப் பேர்தான். 1918 ஜனவரியில பெர்லின்ல மட்டும் லட்சக்கணக்கான தொழிலாளிங்க ஸ்ட்ரைக். அப்புறம் ஜூன்ல இருந்து ஃப்ளூ. எதிரிக்கும் ஃப்ளூ வந்துச்சுதான், ஆனா அவன் சாப்பிட்டிருந்தான்.

ஆனா பசியினால மட்டும் சரணடைஞ்சாங்கன்னு யாராவது சொன்னா ஒத்துக்க மாட்டேன். 1917ல இத விட மோசமா இருந்துச்சு, அப்ப தாங்கினாங்களே. ஜெயிச்சிடுவோம்ங்கிற நம்பிக்கை இருந்தா பசி தாங்கும். அது ஆகஸ்டோட போச்சு.

வாசல்படி:

அண்ணே ரெண்டு பேருக்கும் நன்றி. அப்ப ஆகஸ்ட்லயே தெரிஞ்சு போச்சு. மேல இருக்கிறவங்க எப்ப ஒத்துகிட்டாங்க? நவம்பர் வரைக்கும் ஏன் இழுத்துச்சு?

நடுராத்திரிவாசகி:

இதான் எனக்கு பிடிச்ச பகுதி, கொஞ்சம் நீளமா வரும் பொறுத்துக்கோங்க.

ஒத்துகிட்டது செப்டம்பர் 28 சாயங்காலம், பெல்ஜியத்துல ஸ்பாங்கிற ஊர்ல ஒரு ஹோட்டல்ல. ராணுவ தலைமையகம் அங்கதான். லூடண்டார்ஃப் கீழ் மாடிக்கு இறங்கி, தனக்கு மேல இருந்த தலைமை தளபதி ஹிண்டன்பர்க் ரூமுக்கு போய் உடனே போர்நிறுத்தம் கேக்கணும்னு சொல்றார், கிழவரும் நானும் அதத்தான் நெனச்சேன்ங்கிறார். மறுநாள் கைசர்கிட்டயும் வெளியுறவு அமைச்சர்கிட்டயும் சொல்லியாச்சு.

அன்னிக்கு என்ன அவசரம்னா பல்கேரியா. யாரும் கண்டுக்காத கிரீஸ் நாட்டு சலோனிகா பக்கம் ஒரு போர்முனை மூணு வருஷமா தூங்கிகிட்டு இருந்துச்சு, அங்க பிரெஞ்சுக்காரனும் செர்பியாகாரனும் செப்டம்பர் 15ல உடைச்சு உள்ள புகுந்தாங்க, ரெண்டு வாரத்துல பல்கேரியா காலி, 29ம் தேதி போர்நிறுத்தம் கையெழுத்து. அந்த ஓட்டைய அடைக்க லூடண்டார்ஃப் கையில ஒரு நல்ல டிவிஷன் கூட மிச்சம் இல்ல. அந்த வழியா வந்தா டான்யூப், ஆஸ்திரியா, ருமேனியா எண்ணெய் எல்லாம் திறந்து கெடக்கு. அதே 29ம் தேதி மேற்குல பிரிட்டிஷ்காரன் செயின்ட் குவென்டின் கால்வாய தாண்டி ஜெர்மனியோட பெரிய தற்காப்பு வரிசையான ஹிண்டன்பர்க் லைனுக்குள்ள வந்துட்டான். அந்த கால்வாய் செங்குத்தா வெட்டின கரை, அடியில சேறும் தண்ணியும், தாண்டவே முடியாதுன்னு நெனச்ச இடம். இவங்க இங்கிலீஷ் கால்வாய் பயணிகள் கப்பல்ல இருக்கிற லைஃப் பெல்ட் 3,000 கொண்டு வந்து மாட்டிகிட்டு பனிமூட்டத்துல இறங்கி நீந்திட்டாங்க. ஒரே டிவிஷன் அன்னிக்கு 4,000 பேருக்கு மேல கைதி பிடிச்சுது.

இப்ப கவனிங்க, இங்கதான் சூது ஆரம்பிக்குது. அதுவரைக்கும் ரெண்டு வருஷமா நாட்ட ஓட்டினதே இந்த ரெண்டு ஜெனரல்தான், பாராளுமன்றம் சும்மா பணம் ஒதுக்கி குடுக்கும். திடீர்னு லூடண்டார்ஃப் நமக்கு ஜனநாயக அரசாங்கம் வேணும்ங்கிறார். அமெரிக்க ஜனாதிபதி வில்சன் ஜனநாயகம் பேசுறவர், அப்ப நல்ல டெர்ம்ஸ் கிடைக்கும்ங்கிறது ஒரு காரணம். இன்னொரு காரணத்த அக்டோபர் 1ம் தேதி தன் ஆபீசர்ங்ககிட்ட அவரே வாயால சொல்லிட்டார், இந்த கஞ்சிய காய்ச்சினவங்களே இப்ப குடிக்கட்டும்னு. அங்க நின்ன ஒரு ஆபீசர் டைரியில எழுதி வச்சதுனால நமக்கு தெரியுது. காய்ச்சினது யாருன்னு கேட்டா நீங்களே சொல்லிடுவீங்க.

அக்டோபர் 2ல ஒரு மேஜர் பெர்லின் போய் கட்சித் தலைவர்கள கூப்பிட்டு நிலைமைய சொல்றார். முந்தின வாரம் வரைக்கும் வெற்றி வெற்றின்னு பேப்பர் படிச்சவங்க அவங்க. சோஷலிஸ்ட் தலைவர் எபர்ட் பேச்சே வராம வெளிறிப்போயிட்டாராம். புது சான்சலர் (பிரதமர் மாதிரி) இளவரசர் மாக்ஸ் "கொஞ்ச நாள் டைம் குடுங்க, வந்த உடனே போர்நிறுத்தம் கேட்டா நாம தோத்துட்டோம்னு உலகத்துக்கே தெரிஞ்சிடுமே"ன்னு கெஞ்சுறார். ராணுவம் ஒத்துக்கல, 48 மணி நேரம் கூட தாங்காதுன்னு தந்தி மேல தந்தி. சரி எழுத்துல குடுங்கன்னு மாக்ஸ் கேட்டார், அக்டோபர் 3ல ஹிண்டன்பர்க் கையெழுத்தோட கடிதம் வந்துச்சு, உடனடியா சமாதான கோரிக்கை அனுப்பணும்னு. வாசல்படி, உங்க ஆபீஸ்காரருக்கு இந்த ஒரு கடிதம் போதும்.

அப்புறம் ஏன் இழுத்துச்சுன்னா வில்சனோட கடிதப் போக்குவரத்து. அக்டோபர் 8, 14, 23னு மூணு பதில், ஒவ்வொண்ணும் முந்தினத விட காரம். நடுவுல 10ம் தேதி அயர்லாந்து பக்கம் லெய்ன்ஸ்டர்ங்கிற பயணிகள் கப்பல ஜெர்மன் நீர்மூழ்கி அடிச்சு 500 பேருக்கு மேல செத்தாங்க, ஒரு பக்கம் சமாதானம் கேட்டுகிட்டு இன்னொரு பக்கம் இத பண்ணா எவன் நம்புவான். மூணாவது கடிதத்துல, பழைய ராணுவ எஜமானர்களோடயும் மன்னராட்சியோடயும்தான் பேசணும்னா பேச்சுவார்த்தை இல்ல, சரணாகதிதான்னு சொல்லாம சொல்லிட்டார். உடனே லூடண்டார்ஃப் பல்டி, கடைசி வரைக்கும் போராடுவோம்ங்கிறார்! அவசரப்படுத்தினதே அவர்தான். 26ம் தேதி வேலைய விட்டு தூக்கினாங்க, அவர் இடத்துக்கு ஜெனரல் க்ரோனர் வந்தார். கொஞ்ச நாள்ல லூடண்டார்ஃப் வேஷம் மாத்திகிட்டு ஸ்வீடனுக்கு போயிட்டார்.

மைசூர்ரோடு:

ரெண்டு விஷயம். ஒண்ணு, "ஜெர்மன் மண்ணுல ஒருத்தனும் இல்ல"ங்கிறது முழுசா உண்மை இல்ல சார், அப்ப அல்சாஸ் ஜெர்மனியோட பகுதி, அங்க 'தான்' (Thann)ங்கிற ஊரும் சுத்துப்பட்டும் 1914ல இருந்தே பிரெஞ்சு கையில. சின்ன இடம்தான், ஆனா பட்டிமன்றத்துல உதவும்.

ரெண்டு, துருக்கிய யாரும் பேசல. செப்டம்பர் 19ல பாலஸ்தீனத்துல மெகிடோ சண்டை, அங்க குதிரைப்படையில நிறைய பேர் இந்தியாகாரங்க. 23ம் தேதி ஹைஃபாவ பிடிச்சது ஜோத்பூர், மைசூர் லான்சர்ஸ், மெஷின் கன்னுக்கு எதிரா ஈட்டியோட குதிரையில போய். அக்டோபர் 1ல டமாஸ்கஸ், 30ல துருக்கி போர்நிறுத்தம். நவம்பர் 3ல ஆஸ்திரியா. ஆக நவம்பர் முதல் வாரத்துல ஜெர்மனி தனிமரம். தெற்கால பவேரியா எல்லை திறந்து கெடக்கு, காவலுக்கு ஆளில்ல.

கறார்கணக்கு:

எல்லாம் சரி, ஆனா கீல் துறைமுகத்துல கப்பல்காரங்க கலகம் பண்ணலன்னா? ராணுவம் ரைன் நதிக்கு பின்னால போய் நின்னு குளிர்காலத்த ஓட்டியிருக்கலாம். அந்த வகையில "உள்ள இருந்து குத்தினாங்க"ங்கிறதுல பாதியாவது உண்மை இருக்கா இல்லயா? சும்மா நாஜின்னு முத்திரை குத்தாம பதில் சொல்லுங்க.

நடுராத்திரிவாசகி:

நியாயமான கேள்வி. தேதிய மட்டும் பாருங்க. ராணுவம் போர்நிறுத்தம் கேட்டது செப்டம்பர் 29. கப்பல்ல கலகம் அக்டோபர் 29. நடுவுல முழுசா ஒரு மாசம்.

கலகம் ஏன் வந்துச்சுங்கிறதும் முக்கியம். சமாதானப் பேச்சு ஓடிகிட்டு இருக்கும்போது அட்மிரல்ங்க அரசாங்கத்துகிட்ட சொல்லாம ஒரு பிளான் போட்டாங்க, மொத்த கப்பல் படையையும் வட கடலோட தெற்கு பக்கம் கிளப்பி பிரிட்டிஷ் படையோட கடைசியா ஒரு மோதல், கடற்படையோட மானத்துக்காக. போர் முடியப்போகுதுன்னு தெரிஞ்ச மாலுமி எதுக்கு சாவான்? தூரிங்கன், ஹெல்கோலாண்ட்னு ரெண்டு கப்பல்ல பாய்லர் நெருப்ப அணைச்சுட்டாங்க. நெருப்பு இல்லன்னா கப்பல் நகராது, பிளான் அதோட முடிஞ்சுது. ஆனா அட்மிரல் ஒருத்தர் கைதான ஆளுங்களோட ஒரு படைப்பிரிவ கீலுக்கு அனுப்பினார், அங்க நவம்பர் 3ல விடுதலை செய்யுன்னு ஊர்வலம், துப்பாக்கி சூடு, மறுநாள் ஊரே மாலுமிங்க கையில. 7ம் தேதி மியூனிக், 9ம் தேதி பெர்லின். ரயில்ல ஏறி போன மாலுமிங்களே ஊர் ஊரா கொண்டு போனாங்க. மேல இருக்கிறவன் கையெழுத்து போட தயாரா இருக்கும்போது கீழ இருக்கிறவன மட்டும் சாகச் சொன்னா வேற என்ன நடக்கும்.

ரைன்ல நின்னிருக்கலாம்ங்கிறீங்க. யார வச்சு? ஜூலை நடுவுல இருந்து நவம்பர் 11 வரைக்கும் மேற்குல கைதியானவங்க மட்டும் 3 லட்சத்து 80 ஆயிரத்துக்கு மேல. கைசர் நவம்பர் 9ல, படையோட திரும்பிப்போய் பெர்லின அடக்குறேன்னு சொன்னப்போ 39 கமாண்டர்கள கூப்பிட்டு உங்க ஆளுங்க கூட வருவாங்களான்னு கேட்டாங்க. வருவாங்கன்னு தெளிவா சொன்னது ஒரே ஒருத்தர். கைசர் மறுநாள் ஹாலந்துக்கு ரயிலேறிட்டார்.

பாதி உண்மைன்னு கேட்டீங்கல்ல, இவ்ளோ குடுக்கலாம்: கலகத்தால பேரம் பேசுற தெம்பு மிச்சம் இருந்ததும் போச்சு. தோல்வி அதுக்கு முன்னாடியே வந்தாச்சு.

ரயில்வேகேட்:

அந்த ரயில் பெட்டி கதைய நான் சொல்லிடுறேன், வாசல்படி கேட்டது அதத்தானே.

போனது ஜெனரல் இல்ல, எர்ஸ்பெர்கர்னு கத்தோலிக்க கட்சி எம்பி. ஸ்பாவுல ஹிண்டன்பர்க் கைய பிடிச்சு கடவுள் துணைன்னு அனுப்பி வச்சார். நவம்பர் 7 ராத்திரி வெள்ளைக்கொடியோட கார்ல கோட்ட தாண்டி, அங்கேர்ந்து ரயில்ல, காலையில பிரான்ஸ்ல காம்பியென் காட்டுக்குள்ள. நேசநாட்டு படைகளோட தலைமை தளபதி மார்ஷல் ஃபோஷ் கேக்குறார், எதுக்கு வந்தீங்க? போர்நிறுத்தத்துக்கு உங்க யோசனைய கேட்டுட்டு போகலாம்னு. என்கிட்ட எந்த யோசனையும் இல்லன்னுட்டார்! கடைசியில, போர்நிறுத்தம் வேணும்னு அவங்க வாயால கேட்ட பிறகுதான் நிபந்தனைய படிக்கவே விட்டார். 72 மணி நேரம் கெடு, அது வரைக்கும் சண்டைய நிறுத்தச் சொல்லி கேட்டதுக்கும் முடியாதுன்னுட்டார்.

நிபந்தனை என்னன்னா, பெல்ஜியம், பிரான்ஸ், அல்சாஸ் லொரெய்ன் எல்லாத்தையும் 15 நாள்ல காலி பண்ணு, ரைனுக்கு மேற்கால முழுசா எங்க கட்டுப்பாடு, 5,000 பீரங்கி, 25,000 மெஷின் கன், 1,700 விமானம், எல்லா நீர்மூழ்கியும் குடு, 5,000 ரயில் எஞ்சினும் 1,50,000 வேகனும் குடு. அதோட கடல் முற்றுகை அப்படியே தொடரும். பேருக்கு இது போர்நிறுத்தம்தான், ஆனா இத குடுத்தவன் மறுபடி சண்டைக்கு வர முடியுமா, நீங்களே கணக்கு போடுங்க. எர்ஸ்பெர்கர் பேரம் பேசி மெஷின் கன் 30,000ல இருந்து 25,000க்கு குறைச்சார், ஊர்ல புரட்சிய அடக்க கொஞ்சமாவது வேணும்னு சொல்லி. அந்த மாதிரி சின்ன சின்ன சலுகைதான் வாங்க முடிஞ்சுது.

10ம் தேதி ஹிண்டன்பர்க் தந்தி வருது, இன்னின்ன சலுகை கேட்டு பாருங்க, கிடைக்கலன்னாலும் கையெழுத்து போட்டுடுங்கன்னு. 11ம் தேதி விடியக்காலை 5 மணிக்கு கையெழுத்து, 11 மணிக்கு அமல். நடுவுல இருக்கிற அந்த ஆறு மணி நேரத்துலயும் சில அமெரிக்க ஜெனரல்ங்க தாக்குதல நிறுத்தல, அன்னிக்கு ஒரு நாள்ல மட்டும் ரெண்டு பக்கமும் சேத்து சுமார் 2,700 பேர் செத்தாங்க. எனக்கு இந்த மொத்த கதையில ஜீரணிக்க முடியாதது இதான்.

ஒரு வருஷம் கழிச்சு 1919 நவம்பர்ல அதே ஹிண்டன்பர்க் விசாரணைக்குழு முன்னாடி நின்னு, ராணுவத்த முதுகுல குத்திட்டாங்கன்னு சொன்னார். 1921ல எர்ஸ்பெர்கர கறுப்புக் காட்டுல நடை போகும்போது வலதுசாரி ஆளுங்க சுட்டுக் கொன்னாங்க. ஹிண்டன்பர்க் 1925ல ஜனாதிபதி ஆனார்.

வாசல்படி:

அக்டோபர் 3 கடிதம், நவம்பர் 10 தந்தி, ரெண்டும் நாளைக்கு டீ டைம்ல எடுத்து விடுறேன். ஒரே ஒரு கேள்வி மிச்சம். அப்ப நேசநாடுங்க பெர்லின் வரைக்கும் போய் ஊருக்குள்ள அணிவகுப்பு நடத்தியிருந்தா இந்த முதுகுல குத்தின கதையே கிளம்பியிருக்காதே, ஏன் போகல?

தேங்காபத்தை:

அமெரிக்க தளபதி பெர்ஷிங் அத அக்டோபர் 30லயே எழுதிக் குடுத்தார், போர்நிறுத்தம் வேண்டாம், நிபந்தனையில்லா சரண் வரைக்கும் அடிப்போம்னு. அவர் பேச்ச யாரும் எடுத்துக்கல. பின்னாடி நடந்தத தெரிஞ்சுகிட்டு பாக்கும்போது அவர் சொன்னது புத்திசாலித்தனமா தெரியும், 1918 நவம்பர்ல பிரான்ஸ்காரனா இருந்து யோசிச்சு பாருங்க. 13 லட்சத்துக்கு மேல ஆள குடுத்தாச்சு. பிரிட்டிஷ் படைக்கு ஆகஸ்ட்ல இருந்து மட்டும் 3 லட்சத்துக்கு மேல இழப்பு, ஜெயிச்சுகிட்டே வந்தும் இந்த கதி. ஜெர்மன்காரன் பின்வாங்கும்போது ரயில் பாதையெல்லாம் வெடி வச்சு கெடுத்துட்டு, சில இடத்துல நாள் கழிச்சு வெடிக்கிற குண்டையும் புதைச்சுட்டு போனான், அதனால முன்னால போற படைக்கும் கடைசி ரயில் ஸ்டேஷனுக்கும் நடுவுல தூரம் நீண்டுகிட்டே போச்சு. அப்படியே போயிருந்தா 1919 வரைக்கும் இழுத்திருக்கும், அதுக்கு பிளானே தயாரா இருந்துச்சு.

வில்சனோட ஆள் ஹவுஸ், ஃபோஷ்கிட்டயே நேரா கேட்டார், தொடரணுமா நிறுத்தணுமான்னு. நான் சண்டைக்காக சண்டை போடல, நமக்கு வேண்டியது இந்த நிபந்தனையிலயே கிடைச்சிடும்னா இன்னொரு சொட்டு ரத்தம் சிந்த வைக்க யாருக்கும் உரிமை இல்லன்னார். நான் ஃபோஷ் பக்கம்தான். முற்றுகைய மட்டும் அப்பவே எடுத்திருக்கலாம், 1919 ஜூலை வரைக்கும் இழுத்தாங்க, மார்ச் வரைக்கும் உணவுக் கப்பலே சரியா உள்ள விடல. அதுக்கு எந்த ராணுவ காரணமும் எனக்கு தெரியல.